வண்டி திரும்ப வரவில்லை

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகிற ரோட்டில், குத்துக்கல்வலசை தாண்டினதும் இடதுகைப் பக்கம் ஸ்டான்லியின் பட்டறை. போர்டில் 'ஸ்டான்லி பிளேட் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். டிரெய்லர் வண்டியின் அடியில், சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே, வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்கிற இரும்புப் பட்டைகளுக்குத்தான் பிளேட் என்று பேர். ஓர் அச்சுக்கு இரண்டு செட்டு. மூன்று அச்சு டிரெய்லர் என்றால் ஆறு செட்டு. முப்பது டன் பாரமானாலும் கடைசியில் வந்து உட்காருவது அந்தப் பட்டைகளின் முதுகில்தான். டிரைவர்மார் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிளேட்டைப் பற்றி அது உடைந்த பிறகுதான் பேசுவார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சொலவடை சொல்வதற்கு மட்டும் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னால் ஒருவருக்கும் இடுப்பு வளையாது.

ஸ்டான்லிக்கு வளையும். இருபத்திரண்டு வருசமாக வளைகிற இடுப்பு. அவனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் கூட்டத்தில் நின்று சுதி விலகிப் பாடுவான், அதை ஆண்டவரே பொறுத்துக்கொள்வதால் மற்றவர்கள் பேசுவதில்லை. அவனுக்கு இருந்த ஒரே ஆசை பேர்தான். "ஸ்டான்லி கை வச்சா கவலை இல்லடே" என்று செங்கோட்டை முதல் சிவகிரி வரைக்கும் டிரைவர்மார் சொல்வார்கள். அது காதில் விழுகிற அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூட இறங்கும். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவன் ஒரு பொய் சொன்னான். பெரிய பொய் ஒன்றும் இல்லை, மூன்றே சொல். அந்த மூன்று சொல்லால் செத்துப்போன ஒரு மனுசன் தன் வீட்டிலேயே இரண்டாம் தடவை செத்தான் என்பது ஸ்டான்லிக்குப் பதினோரு மாசம் தெரியாமல் இருந்தது.

புது பிளேட் போட்டால் வேலை அன்றோடு முடிந்துவிடாது. பட்டைகளையும் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பதற்கு யூ போல்ட் என்று ஒன்று உண்டு. பட்டறையில் எத்தனை பலமாக முறுக்கினாலும், பாரத்தோடு இரண்டு நடை ஓடினால் புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்கார்ந்துவிடும். பட்டை உட்கார்ந்தால் போல்ட்டின் பிடி தளரும். அதனால் இரண்டு நடை முடிந்ததும், ஏற்றின பாரத்தோடேயே வண்டியைக் கொண்டுவந்து, ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டித் திரும்ப ஒரு தடவை முறுக்க வேண்டும். ரீடைட் என்பார்கள். "கட்டாயம் வாங்க" என்று சொல்லி அனுப்பினால் பத்துக்கு ஒன்பது பேர் வரமாட்டார்கள்.

முறுக்கினதும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது வழக்கம். நட்டு கழன்று திரும்பினால் கோடு இரண்டாக விலகித் தெரியும். முறைப்படி பார்த்தால் ரீடைட் முடிந்த பிறகுதான் அந்தக் கோட்டைப் போட வேண்டும். ஆனால் காற்றாலைச் சாமான் இறக்குகிற இடங்களில் கேட்டில் நிற்பவர்கள் மஞ்சள் கோடு இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் எல்லாப் பட்டறையிலும் முதல் நாளே கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு நட்டு திரும்பியதா என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். பட்டை அழுந்திப் பிடி விட்டுப்போனதா என்று சொல்லத் தெரியாது. நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும், கோடு நேராகவே இருக்கும், உள்ளே பிடி செத்துப்போயிருக்கும். ஸ்பானர் போட்டால்தான் தெரியும். ஸ்டான்லிக்கு இது தெரியாதா? அந்த ரோட்டில் பாதிப்பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

போன வருசம் ஆடி மாசம், சாரல் நன்றாக இறங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு செல்லச்சாமி டிரெய்லரைக் கொண்டுவந்து பட்டறைக்கு எதிரே ஓரம்கட்டினான். சுரண்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன், நாற்பது வயது. தில்லைநாயகம் என்கிற முதலாளியின் மூன்று அச்சு டிரெய்லரை ஓட்டினான். தூத்துக்குடியிலிருந்து காற்றாலைக் கோபுரத்துக்கான இரும்பு உருளைகளை ஏற்றிக்கொண்டு சிவகிரிப் பக்கம் போய் இறக்குவான். பத்து நாளைக்கு முன்னால்தான் அவன் வண்டியின் கடைசி அச்சுக்கு ஸ்டான்லி புது பிளேட் போட்டிருந்தான். "ரெண்டு நடை ஓடிட்டு லோடோட வாங்க" என்று சொல்லியிருந்தான். இரண்டு நடை ஓடிவிட்டு லோடோடு வந்து நின்றான் செல்லச்சாமி. பத்துக்கு ஒன்பது பேர் வரமாட்டார்கள் என்றேனே, மிச்சம் அந்த ஒருத்தன் இவன்தான்.

ஸ்டான்லி அப்போது வேறொரு லாரியின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு பேரிங் மாற்றிக்கொண்டிருந்தான். கூட வேலை பார்க்கிற ஆள் அன்றைக்கு லீவு.

"இது முடிய ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றான். "இங்கன நின்னு சாரல்ல நனையுததுக்கு ஐந்தருவியில போயி நனையலாம்லா? தண்ணி நல்லா விழுதாம். போயிக் குளிச்சிட்டு வாங்க."

"பத்து வருசமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டுதேன் அண்ணாச்சி. ஒரு தடவ அருவியில தலையக் குடுத்ததில்ல பாத்துக்கிடுங்க" என்று செல்லச்சாமி சிரித்தான். அங்கேயே நின்று பெண்டாட்டிக்குப் போன் போட்டான். 'ஸ்டான்லி அண்ணாச்சி பட்டறையில நிக்கேன், ரீடைட் பண்ணிட்டுப் பெறப்படுவேன்' என்று அவன் சொன்னது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஸ்டான்லியின் காதில் விழுந்தது. அருவிக்குப் போகப்போவதைச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் குளியலா என்று அவள் ஏசுவாள் என்று பயந்தானோ என்னவோ. போனை வைத்துவிட்டு டவுன் பஸ் ஏறிப் போனான்.

பத்தரைக்குத் திரும்பி வந்தபோது தலை ஈரமாக இருந்தது, கண் சிவந்திருந்தது, முகம் பத்து வயது குறைந்திருந்தது. கையில் ஒரு பை. மங்குஸ்தான் பழமும், சின்ன அட்டைப் பெட்டியில் ஒரு ஜோடி முத்துத் தோடும். பெட்டியைத் திறந்து ஸ்டான்லியிடம் காட்டவே செய்தான். "கலியாணம் முடிஞ்சி பதினாலு வருசத்துல அவளுக்கு ஒரு ஊக்கு வாங்கிக் குடுத்ததில்ல அண்ணாச்சி. இன்னைக்கு அருவித்தண்ணி தலையில விழுந்ததும் புத்தி வந்துட்டு. கொண்டு போனா, எதுக்கு வெட்டிச் செலவுன்னு ஏசுவா."

ஸ்டான்லி அதற்குள் லாரி வேலையை முடித்துக் கைகால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தான். பாவூர்சத்திரத்தில் அவன் கொழுந்தியாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற அவன் பெண்டாட்டி பொன்செல்வி, "நேரமாச்சி. இனிமே வண்டிக்கு அடியில போயிராதிய" என்று சத்தம் கொடுத்தாள். டிரெய்லருக்கு அடியில் சாரல் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடந்தது.

அவன் குனிந்தான். படுக்கவில்லை, குனிந்தான். போன் வெளிச்சத்தை அடித்து மஞ்சள் கோட்டைப் பார்த்தான். நேராக இருந்தது.

"கோடு நூல் அளவுக்கு அசையல. ஒண்ணும் பயமில்ல, போங்க."

"ஸ்பானர் போட்டுப் பாக்கண்டாமா?"

"கோடு நேரா இருக்கையில எதுக்கு? எறக்கிட்டுத் திரும்பி வருவியள்லா, அப்ப பாத்துருவோம்."

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்று செல்லச்சாமி வண்டியில் ஏறினான்.

ஸ்பானர் போட்டுப் பார்க்க இருபது நிமிசம் ஆகியிருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தால் அதுவும் அழுக்காகியிருக்காது. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரே ஒன்றரை மணி நேரம் பிந்தித்தான் வந்தார்கள். இதையெல்லாம் பிற்பாடு எண்ணி எண்ணிப் பார்த்து என்ன செய்ய?

புளியங்குடி தாண்டி ஒரு குளத்துக்கரை வளைவு. பிடி தளர்ந்த யூ போல்ட்டுக்குள் பட்டைகள் ஆடி ஆடி, அவற்றின் நடுவே போகிற சின்ன போல்ட் துண்டாகிவிட்டது. அச்சு ஒரு பக்கமாகப் பின்னால் நழுவியது. அச்சு கோணினால் சக்கரம் ரோட்டைப் பார்த்து ஓடாது, குளத்தைப் பார்த்து ஓடும். டிரெய்லர் கரையை விட்டுச் சரிந்து, முன்னால் இழுத்துக்கொண்டு போன வண்டித் தலையையும் சேர்த்து இழுத்துப் போட்டது. ஸ்டான்லி பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

மூன்றாம் நாள் வண்டியைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்தார். பக்கத்தில் முதலாளி தில்லைநாயகம். பின்னால் நாலைந்து டிரைவர்மார், எல்லாம் ஸ்டான்லியின் வாடிக்கைக்காரர்கள்.

"பிளேட் போட்டது நீங்கதானே? ரீடைட்டுக்கு வண்டி வந்துச்சா?"

வந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஸ்பானர் போட்டாயா என்பது. டிரைவர்மார் எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வண்டி திரும்ப வரல" என்றான் ஸ்டான்லி.

அந்த ரோட்டில் எந்நேரமும் நாலு டிரெய்லர் நிற்கும். எது வந்தது, எது போனது என்று யார் பார்த்தார்கள்? பார்த்தவள் ஒருத்தி. வீட்டு வாசலில் நின்ற பொன்செல்வி. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். "படிச்சிப் படிச்சிச் சொன்னேன், கேக்கலியே" என்று தில்லைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஸ்டான்லி வண்டிக்கு அடியில் போகாமல் எந்த வண்டியையும் அனுப்பியதில்லை. கோடு போடுவதையே நிறுத்திவிட்டான். கேட்டில் விடமாட்டார்கள் என்று சண்டை போட்ட டிரைவர்களிடம், அப்படியானால் வேறு பட்டறைக்குப் போங்கள் என்றான். அவன் பேர் இன்னும் கூடத்தான் செய்தது. கொடுமை பாருங்கள், ஒரு மனுசனைக் கொன்ற பிறகு அவன் இன்னும் நல்ல வேலைக்காரன் ஆனான். மனசு குத்துகிறபோதெல்லாம், செத்தவனுக்கு நல்ல பேர் எதற்கு, கெட்ட பேர் எதற்கு, இருக்கிறவன்தானே பிழைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொன்செல்வியிடம் மட்டும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவருக்கும் நடுவே பேச்சு, உப்பு போதுமா, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிற அளவில் வந்து நின்றது.

இந்த வருசம் ஆனி கடைசியில், சாரல் தொடங்கியிருந்த ஒரு முற்பகல், பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தும் காதும் மொட்டையாக இருந்தன. குடையை மடக்கி, தண்ணீர் சொட்டாமல் வெளியிலேயே சாய்த்து வைத்தாள்.

"நான் செல்லச்சாமி வீட்டுக்காரி. பேராச்சி" என்றாள்.

ஸ்டான்லியின் கையில் இருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. பொன்செல்வி வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன் அண்ணாச்சி. அன்னைக்கு அவிய இங்கன வந்தாவளா, வரலியா?"

"இன்ஸ்பெக்டர்ட்ட சொன்னேனேம்மா."

"அது தெரியும். நான் என் காதால கேக்கணும்." பேராச்சி தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "காலையில எட்டு மணிக்குப் போன் பண்ணி, ஸ்டான்லி அண்ணாச்சி பட்டறையில நிக்கேன்னு சொன்னாவ. அதான் எங்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. ஆனா நீங்க வரலன்னு சொல்லிட்டிய. எங்க ஊர்க்காரரு ஒருத்தரு ஒம்பதரை மணிக்கு அவியளக் குத்தாலத்துப் பஜார்ல பாத்திருக்காரு. தோடு வாங்கிட்டு நின்னாவளாம். அப்புறம் வண்டியிலருந்து எடுத்ததுன்னு போலீசுல ஒரு பையத் தந்தாவ. அதுல முத்துத் தோடு. எனக்குப் பதினாலு வருசத்துல ஒரு ஊக்கு வாங்கித் தந்ததில்ல. அப்ப அது யாருக்கு?"

ஸ்டான்லி கையிலிருந்த ஸ்பானரைக் கந்தல் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஊருல என்ன சொல்லுதாவ தெரியுமா? குத்தாலத்துல ஒருத்திய வச்சிருந்தான், அவகிட்ட போன நேரத்துக்குப் பட்டறைக்குப் போயிருந்தா உசுரோட இருந்திருப்பான்னு. மொதல்ல நான் நம்பல. எல்லாரும் சொல்லச் சொல்ல எத்தன நாளைக்குத்தான் நம்பாம இருக்க? தோட்டக் கொண்டுபோயிச் சாக்கடையில வீசிட்டேன். போட்டோவ எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால திருப்பி வச்சிட்டேன். எம்மக மீனாவுக்குப் பன்னெண்டு வயசு. அப்பான்னு பேச்சு எடுத்தா அடிச்சிருதேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது முடித்த குரல் அது, ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வது போல இருந்தது.

"வார புதன்கிழம தலைத்திவசம். அவிய அண்ணன் வீரபாகு, இலை போட்டுப் படைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. என் வீட்டுல இலை போடமாட்டேன், போடணும்னா குத்தாலத்துல அவ வீட்டுல போயிப் போடுங்கன்னு சொல்லிட்டேன். சொன்னதுலருந்து தூக்கம் இல்ல. ஒருவேள அவிய இங்கன வந்திருந்தா? நீங்க ஏதோ மறந்து சொல்லியிருந்தா? அதான் கேக்கேன். வந்தாவளா?"

இதுதான் சமயம். ஆண்டவரே கொண்டுவந்து வாசலில் நிறுத்திக் கொடுத்த சமயம். ஈரத்தலையோடு வந்தார், தோட்டை என்னிடம் காட்டினார், அது உனக்குத்தான் வாங்கினார், அருவிக்குப் போகச் சொன்னவனே நான்தான் என்று சொல்ல ஸ்டான்லியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே நின்ற வண்டியிலிருந்து ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நம்ம வண்டி முடிஞ்சிட்டா?" என்று கேட்டான்.

"வரலம்மா" என்றான் ஸ்டான்லி.

பேராச்சி தலையை ஆட்டினாள். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "உள்ளதச் சொன்னியளே, அது போதும். இனிமே தூங்கிருவேன்" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பான். கும்பிட்டுவிட்டல்லவா போனாள்! ஸ்டான்லி வண்டியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொன்செல்வி காலிச் செம்பை எடுத்தாள்.

"நேரமாச்சின்னு அன்னைக்குக் கூப்பிட்டது நான்தான்" என்றாள். "அதுக்கு நான் ஆண்டவர்கிட்ட பதில் சொல்லிக்கிடுதேன். இப்ப சொன்னதுக்கு நீங்கதான் சொல்லணும்."

பதினோரு மாசத்தில் அவள் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு. செம்போடு உள்ளே போனாள். அடுத்து வந்த ஐந்து நாளும் பட்டறை திறந்திருந்தது, வேலை நடந்தது. போல்ட்டை முறுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு நிற்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். அவன் தின்ற உப்புக்குப் பதினோரு மாசமாக அங்கே ஒரு பெண்ணும் பிள்ளையும் நாக்கு வறண்டு கிடந்தார்கள்.

புதன்கிழமை காலையில் அவன் பட்டறையைத் திறக்கவில்லை. முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அங்கே இருந்த ஏட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து, "ஒம்மள யாராவது மிரட்டுதாங்களா வே?" என்று கேட்டார். இல்லை என்றான். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார். அங்கிருந்து நேரே சுரண்டை பஸ்ஸைப் பிடித்தான்.

செல்லச்சாமியின் தெருவில் வீரபாகு வீட்டு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். படையல் அங்கேதான் நடக்க இருந்தது. மூன்று வீடு தள்ளி, ஓடு போட்ட சின்ன வீடு கதவு சாத்திக் கிடந்தது. வாசலில் கோலம்கூட இல்லை.

"யாரத் தேடுதிய?" என்று வீரபாகு கேட்டான்.

"நான் தென்காசி ஸ்டான்லி, பிளேட் பட்டறை. பேராச்சியப் பாக்கணும். நீங்களும் கூட இருந்து கேக்கணும்."

கதவைத் தட்டினார்கள். பேராச்சி வெளியே வந்தாள். அவள் இடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்தது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. ஸ்டான்லி அந்த பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். எல்லாம் மறந்துவிட்டது.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்மா" என்றான். "அன்னைக்கு அவிய வந்தாவ. காலையில எட்டு மணிக்கே வந்துட்டாவ. வண்டிய நிறுத்திட்டு உங்களுக்குப் போன் பண்ணாவ, நான் பக்கத்துல இருந்து கேட்டேன். எனக்கு வேற வேல கெடந்துச்சி. அதனால நான்தான் அவியள ஐந்தருவிக்குப் போயிக் குளிச்சிட்டு வரச் சொன்னேன். நான் சொல்லித்தான் போனாவ."

யாரோ ஏதோ கேட்க வாயெடுத்தார்கள். பேராச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தோடு?" என்றாள்.

"உங்களுக்குத்தாம்மா. எங்கிட்ட தெறந்து காட்டினாவ. கொண்டு போனா ஏசுவான்னு சொல்லிச் சிரிச்சாவ."

மிச்சத்தையும் சொன்னான். சேற்றைப் பார்த்துப் படுக்காமல் இருந்ததை, ஸ்பானர் போட்டுப் பார்க்க வேண்டாமா என்று செல்லச்சாமி கேட்டதை, வேண்டாம் என்று தான் சொன்னதை, வெள்ளைச் சட்டையைக்கூட விடாமல் சொன்னான். காலையில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே வீரபாகு பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்க தம்பியக் கொன்னதுமில்லாம, அவனப் பொம்பளப் பொறுக்கின்னு ஊரே பேச வச்சிட்டியேலே!" என்று கன்னத்தில் அறைந்தான். ஸ்டான்லி கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அறையும் விழுந்தது. மூன்றாவதற்குள் யாரோ வீரபாகுவைப் பிடித்து இழுத்தார்கள்.

பேராச்சி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நிலைக்கதவைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தாள்.

"குளிச்சாவளா?" என்று கேட்டாள். "நல்லா குளிச்சாவளா?"

"குளிச்சாவம்மா. தலையெல்லாம் ஈரம். மொகம் ரொம்பத் தெளிச்சியா இருந்துச்சி."

"அருவியில குளிக்கணும்னு எங்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காவ. மீனாவக் கூட்டிட்டு ஒருநா போவோம்னு. நான்தான், பஸ்ஸுக்கு ஏறி எறங்கணுமா, வீட்டுல தண்ணி இல்லையான்னு ஏசுவேன்." அவள் குரல் உடைந்தது. பதினோரு மாசமாகக் கட்டி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து உடைந்தது. "பொய் சொல்லத் தெரியாத மனுசன். பட்டறையில நிக்கேன்னு சொன்னா பட்டறையிலதான் நிப்பாவ. இவரு சொன்னத நம்பினேன், ஊரு சொன்னத நம்பினேன். அவிய சொன்னத மட்டும் நம்பலியே. பாவி நான் நம்பலியே!"

தெருவில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். குத்தாலத்துக் கதையை அதிகமாகப் பேசியவர்கள் அதிகமாகச் சிந்தினார்கள். ஊர் வாய் அப்படித்தான், பேசின வாயே அழவும் செய்யும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேராச்சி எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அத்தான், அங்க வச்சிருக்கத எல்லாம் இங்க கொண்டுவாங்க" என்று வீரபாகுவிடம் சொன்னாள். சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் மூன்று வீடு தாண்டிக் கைமாறி வந்தன. "ஏட்டி மீனா, ஒங்க அப்பாவுக்கு இலை போடு" என்றாள். அந்தப் பிள்ளை, அப்பா என்ற சொல்லைத் தாயின் வாயில் கேட்டு, அடி விழுமோ என்று ஒரு நிமிசம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஓடியது.

எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். ஸ்டான்லியை வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கிழிந்த சட்டையோடு தெருவில் நின்றான். தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. ஒதுங்குவதற்கு ஓர் இடம் கேட்க அவனுக்கு அந்தத் தெருவில் உரிமை இல்லை என்று பட்டது, அதனால் நின்ற இடத்திலேயே நனைந்தான்.

திறந்திருந்த கதவு வழியாக வீட்டின் உள்ளே தெரிந்தது. துடைத்த போட்டோ சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் தலைவாழை இலை. பேராச்சி குனிந்து சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், இலையின் ஓரத்தில் அப்பளம் வைத்தாள். பிறகு மற்றவர்கள் கும்பிடக் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறந்து, இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ரொம்ப ஏசிட்டேன்" என்றாள். "சாப்பிடுங்க."